கலியாண நாளும் கணக்குத் தொடங்கும் நாளும்

தேத்தண்ணியைக் குடியுங்கள் பிள்ளை, ஆறுதலாகப் பேசுவோம். "கல்யாணமாகி எட்டு வருஷமாச்சுண்ணே, எனக்கு இன்னும் இந்த நாட்டுக் குடியுரிமை வரலையே" என்று கேட்டீர்கள். நீங்கள் பரமக்குடிப் பக்கத்துப் பெண். உங்கள் கணவர் பேசாலையில் பிறந்து, 1990இல் தாய் தகப்பனோடு படகேறி தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய், அங்கேயே வளர்ந்தவர். உங்களைக் கட்டினார், மூத்த பிள்ளை இராமநாதபுரத்தில் பிறந்தது, பிறகு எல்லோருமாக ஊர் திரும்பினீர்கள். இந்த மன்னார்த் தீவில் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அதனால் உங்களுக்குச் சொல்வது மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் பிரஜையைக் கட்டிய அன்றே யாரும் இலங்கைப் பிரஜையாகிவிடுவதில்லை. எத்தனை வருடம் போனாலும் தானாக ஆவதும் இல்லை. கலியாணம் உங்களுக்குக் கேட்கும் தகுதியைத் தருகிறது, அவ்வளவுதான். எப்போது கேட்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் இந்த மண்ணில் வசித்த காலம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பிரஜையின் கணவனோ மனைவியோ, விதவையோ தபுதாரனோ, பதிவு மூலம் பிரஜாவுரிமை கேட்கலாம் என்கிறது. விண்ணப்பிக்கிற நாளுக்கு உடனே முந்திய ஒரு வருடம் முழுவதும் அவர் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். தொடர்ந்தும் இங்கேயே வாழும் எண்ணம் இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் எட்டு வருடத்தில் முகாமில் வாழ்ந்த வருடங்கள் இந்தக் கணக்கில் சேராது. நீங்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே வந்து, சுற்றுலா வீசாவை வாழ்க்கைத்துணைக்கான வதிவிட வீசாவாக மாற்றிக்கொண்டு ஊன்றியிருந்த காலம்தான் பேசும். அதிலும் "உடனே முந்திய ஒரு வருடம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். முந்திய வருடம் இருந்தேன், இடையில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று மூன்று மாதம் பரமக்குடிக்குப் போய்விட்டு வந்தேன் என்றீர்கள். தாயைப் பார்க்கப் போனதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கிற உத்தியோகத்தர் உங்கள் கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளைத்தான் பார்ப்பார். என்னைக் கேட்டால், கடைசியாகத் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு முழு வருடத்தை எண்ணிக்கொண்டு, அது நிரம்பிய பிறகு கொடுப்பதே பாதுகாப்பு. இரண்டு மாதம் பிந்துவதால் எதுவும் கெட்டுப்போகாது. அவசரப்பட்டுக் கொடுத்து நிராகரிக்கப்பட்டால்தான் வீண் அலைச்சல். ஒரு வருடம் நிரம்பிவிட்டது என்பதற்காகக் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்றும் இல்லை. முடிவு விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம். விண்ணப்பம் போவது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு. மன்னாரிலிருந்து அங்கே போய் வருவது ஒரு முழுநாள் அலுவலுக்கும் மேல். ஆகவே கடதாசி எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிய பிறகு போங்கள்.

கடதாசி என்றதும் நான் முதலில் கேட்பது கலியாணப் பதிவு. முகாமில் கோயிலில் தாலி கட்டியோ, தேவாலயத்தில் கைப்பிடித்தோ, மாலை மாற்றியோ வாழத் தொடங்கிய பலரிடம் பதிவுச் சான்று இருப்பதில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல் வந்தது. உங்களிடம் அது இருந்தால் பத்திரமாக வையுங்கள், பெயர் எழுத்துகள் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை. அடுத்து உங்கள் கணவரின் பிரஜாவுரிமை. நீங்கள் கேட்கிற உரிமை அவருடைய உரிமையில் தொங்குகிறது. அவர் பேசாலையில் பிறந்தவர், தகப்பனும் இந்த ஊர்ப் பிரஜை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் போதும். ஆனால் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து முருங்கன், மடுப் பக்கம் குடியேறிய குடும்பத்தவராக இருந்தால் கதை வேறு. அவர்களுக்கு 1964 ஒக்ரோபர் 30 முதல் இங்கே வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை தந்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தையும், இந்தியாவுக்குப் போக நேர்ந்தவர்களுக்காக 2009இல் வந்த திருத்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த 1964ஆம் ஆண்டை இந்தக் கரை மறக்காது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் மலையிலிருந்து ரயிலேறி தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்து கப்பலேறினார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட மண்டபம் முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதற்கு நோய்த்தடுப்புத் தங்குமிடமாக இருந்த இடம். அதே ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. முப்பது கிலோமீற்றரளவு கடல்தான். இருபுறமும் பெண் கொடுத்து எடுத்த சனம், கப்பல் ஓடிய காலத்தில் பயணச்சீட்டோடு போனது. நின்ற பிறகு இரவில் படகில் போனது. எப்படிப் போனோம் என்பதுதான் இன்று சட்டத்தின் கண்ணில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இது எனக்கு ஆறாத வேதனை.

உங்கள் மச்சாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரோடு அதே படகில் போனவர், இன்றும் அங்கேதான் இருக்கிறார், இந்தியர் ஒருவரைக் கட்டியிருக்கிறார். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியக் குடிமகனைத் திருமணம் செய்தவர் ஏழு வருடம் இந்தியாவில் வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். உங்கள் மச்சாள் முப்பது வருடத்துக்கு மேல் வசித்திருக்கிறார். ஆனால் 2003இல் நிறைவேறி 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், செல்லுபடியான கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வகுத்து, அவருக்கு அந்தப் பதிவு வழியை மூடிவிட்டது. குண்டுக்குப் பயந்து படகேறியவரிடம் எங்கேயிருந்து கடவுச்சீட்டு வரும்? ஏழு வருடம் என்ற கணக்கு அவருக்குத் தொடங்கவே இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025 செப்ரெம்பரில் இந்திய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் வீசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தா என்கிறது அது. நல்ல காரியம். ஆனால் அது தண்டனையிலிருந்து தருகிற விலக்கு. குடியுரிமையை அது தரவில்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு இரண்டும் ஒன்று என்று சொன்னால் நம்ப வேண்டாம் என்று மச்சாளுக்குச் சொல்லுங்கள்.

அங்கே பிறந்த நாள் சிலருக்குக் கை கொடுத்திருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்கிற ஒரு பெண் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவானது; 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். அந்தத் திகதிக்குப் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இரண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மூத்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரத்தில் பிறந்தது, 2004க்குப் பிறகு. நீங்கள் இந்தியர், தகப்பன் படகில் போனவர். ஆகவே நீங்கள் இந்தியராக இருந்தும் பிள்ளை பிறப்பால் இந்தியர் ஆகவில்லை. இலங்கைப் பக்கம் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்தால் வம்சாவளிப் பிரஜாவுரிமை உண்டு. முன்னர் தகப்பனை மட்டுமே கணக்கெடுத்தார்கள்; 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தாயையும் சேர்த்தது. ஆனால் அந்த உரிமை, பிறப்பை இலங்கைத் தூதரகத்திலோ இங்கே அமைச்சின் அலுவலகத்திலோ பதிந்தால்தான் உயிர் பெறும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அமைச்சரின் அனுமதியோடு பதியலாம். அதுவரை அந்தப் பிள்ளை கடதாசியில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. நேற்றுப் பாடசாலையில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த அதே பிள்ளைதான்.

அதனால்தான் எவர் கேட்டாலும் ஒரே ஒழுங்கைச் சொல்கிறேன்: மூத்தவனுக்கு முதலில், உங்களுக்குப் பிறகு. அவனுக்கு ஒரு வருட வசிப்பு வேண்டாம், வீசா முத்திரைகளை எண்ண வேண்டாம். அவனுடையது தகப்பன் வழி வந்த உரிமை, நாளைக்கே கேட்கலாம். சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் ஏற்கெனவே ஏதோ பதிந்ததாகச் சொன்னீர்கள். அலுமாரியைத் திறந்து அந்தக் கடதாசியைப் பாருங்கள். தமிழ்நாட்டு நகராட்சி தந்த பிறப்புச் சான்று மட்டும் இருக்கிறதா, தூதரகப் பிறப்புப் பதிவு இருக்கிறதா, பிரஜாவுரிமைப் பதிவுச் சான்று இருக்கிறதா? மூன்றும் மூன்று கடதாசிகள். பலர் முதலாவதை வைத்துக்கொண்டு மூன்றும் இருக்கிறதென்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அடையாள அட்டை எடுக்கிற வயதில், பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில்தான் குறை தெரியவருகிறது. இதற்கு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவர்கள் கரையின் இரண்டு பக்கமும் உதவி வந்திருக்கிறார்கள். உங்கள் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள், வழி சொல்வார்கள். மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்த இளையவளுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தகப்பன் பிரஜை, பிறந்தது இலங்கை. அவள் பிறந்த கணமே பிரஜை.

இலண்டனில் இருக்கிற உங்கள் மைத்துனர் பற்றியும் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியப் பிரஜையைக் கட்டியவர் மூன்று வருட வசிப்போடு கேட்கலாம், ஆனால் அந்த நேரத்தில் நிரந்தர வதிவிட அனுமதி கையில் இருக்க வேண்டும். வாழ்க்கைத்துணை வீசாவில் வந்தவருக்கு அந்த அனுமதிக்கே ஐந்து வருடம் ஆகும். பிரான்சில் பொதுவாக நான்கு வருடத் தாம்பத்தியம். கனடாவில் கலியாணத்துக்கென்று தனிக் குறுக்குவழி இல்லை. ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் எல்லோருக்கும் பொது. எந்த நாடானாலும் அவர் கவனிக்க வேண்டியது இதுதான்: இன்னொரு நாட்டுப் பிரஜாவுரிமையை விரும்பிப் பெற்றால் இலங்கையுடையது அற்றுப்போகும். 1987 திருத்தம் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடம் தந்தது. மற்றதைப் பெறுவதற்கு முன்பே தக்கவைக்க விண்ணப்பிக்கலாம், இழந்த பிறகு மீளப்பெறவும் விண்ணப்பிக்கலாம். முந்துவது நல்லது.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நீங்கள் இலங்கைப் பிரஜையாகப் பதிவாகிற நாளிலேயே இந்தியச் சட்டம் உங்களை இந்தியக் குடிமகளாகக் கருதுவதை நிறுத்திவிடும். நீங்கள் தயங்குவதும் இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். ஒரு வருடம் நிரம்பிவிட்டது என்பதற்காகக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை. வதிவிட வீசாவைப் புதுப்பித்துக்கொண்டே வாழலாம். ஆனால் இங்கே வாக்கு இல்லை, ஒவ்வொரு முறையும் பத்தரமுல்லைக்கு அலைய வேண்டும். காணி விற்பனையிலும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குத் தடை போடுகிறது. வாழ்க்கை முழுதும் பேசாலைதான் என்று மனதில் முடிவு இருந்தால் விண்ணப்பிப்பதே சரி என்பது என் எண்ணம்.

அப்படி முடிவெடுத்தால் ஒரு எச்சரிக்கை. இலங்கைப் பதிவு உறுதியாகும் முன் இந்தியக் கடவுச்சீட்டைக் கையளித்துவிடாதீர்கள். எது முன், எது பின் என்று இரு பக்க அலுவலகங்களிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடையில் நீங்களும் நாடற்றவராக நிற்கக் கூடாது. பதிவு கிடைத்தபின் கடவுச்சீட்டை முறையாக ஒப்படைத்து, முன்னாள் இந்தியக் குடிமகள் என்ற தகுதியில் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான விபரங்களை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். அது குடியுரிமை அல்ல, வாக்கும் இல்லை. ஆனால் ஆயுள் முழுவதும் வீசா இல்லாமல் அம்மாவிடம் போய் எத்தனை நாளும் தங்கலாம். பரமக்குடியில் வயல் வாங்க முடியாது. அம்மாவின் வயல் வாரிசாக உங்களுக்கு வருவதை அது தடுக்காது.