மறைந்து நின்று பதில் சொல்லும் மென்பொருள்

கொழும்பிலோ சிங்கப்பூரிலோ உள்ள நிறுவனமொன்றுக்கு விண்ணப்பித்த யாழ்ப்பாணத்து இளைஞர், இன்று தமது வீட்டிலிருந்தவாறே நேர்முகத் தேர்வுக்கு முகங்கொடுக்கிறார். இதனைச் சாதாரண மாற்றமாக நாம் கருதிவிட முடியாது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வு என்றால் பாதுகாப்பு அனுமதி பெற்று, காங்கேசன்துறையிலிருந்து கப்பலிலோ பலாலியிலிருந்து விமானத்திலோ இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைப்பதற்குள் தேர்வுத் திகதியே கடந்துபோனவர்கள் எம்மத்தியில் இருக்கின்றார்கள். யுத்தம் முடிந்து வீதி திறக்கப்பட்டது. 2014 ஒக்ரோபரில் புகையிரதமும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஆயினும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரமும் இரவுப் பயணமும் அப்படியேதான் இருந்தன. 2020 இல் கொரோனாத் தொற்றோடு பரவலான இணையவழி நேர்முகத் தேர்வே அந்தத் தூரத்தை உண்மையில் இல்லாமற் செய்தது.

அந்த வாசலுக்கு இப்போது ஒரு புதிய சோதனை வந்திருக்கின்றது. தேர்வாளர் கேட்கும் கேள்வியை ஒட்டுக்கேட்டு, அதனை எழுத்தாக்கி, செயற்கை நுண்ணறிவுக்கு அனுப்பி, சில விநாடிகளில் விடையைத் திரையில் காட்டும் உதவி மென்பொருள்கள் சந்தையில் மலிந்துவிட்டன. இவை இரு வடிவங்களில் கிடைக்கின்றன. ஒன்று, குரோம் போன்ற உலாவியினுள் பொருத்தப்படும் நீட்சி. மற்றையது, கணினியிலேயே நிறுவப்படும் தனி மென்பொருள். எது சிறந்தது என்று இளைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். கேள்வி தொழில்நுட்பம் சார்ந்ததாகத் தோன்றினாலும் அதற்குள் வேறொரு விடயம் புதைந்திருக்கின்றது.

நீட்சி என்பது உலாவி என்ற வீட்டில் குடியிருக்கும் வாடகைக்காரர் போன்றது. உலாவியில் நடைபெறும் உரையாடலை அதனால் கேட்க முடியும். சூம், ரீம்ஸ் போன்றவை தனிச் செயலியாக இயங்கும்போது அந்த ஒலி நேரடியாக அதற்கு எட்டாது. நிறுவுவது இலகு, நீக்குவதும் இலகு. குறைந்த நினைவகமுள்ள பழைய மடிக்கணினியிலும் பெரும்பாலும் இயங்கும். ஆனால் தேர்வாளர் முழுத் திரையையும் பகிருமாறு கேட்டால் அதன் விடைகளும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

தனி மென்பொருளின் சங்கதி வேறு. எந்தச் செயலியின் ஒலியையும் அது கேட்கும். திரையிலுள்ள வினாவைப் படம்பிடிக்கும். ஏனைய சாளரங்களுக்கு மேலே ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல மிதந்து நிற்கும். குறிப்பிட்ட ஒரு சாளரத்தைத் திரைப்பகிர்விலிருந்து முற்றாக விலக்கிவைக்கும் வசதி விண்டோஸ் 10 இன் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. இரகசியமான உள்ளடக்கங்களைப் பாதுகாக்கப் பயன்படும் இவ்வசதியையே இம்மென்பொருள்கள் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டன. விண்ணப்பதாரரின் கண்ணுக்குத் தெரிவது தேர்வாளரின் கண்ணுக்குத் தெரியாது. தனி மென்பொருளே சிறந்தது என்று விளம்பரங்கள் கூறுவதன் பொருள், அது நன்றாக ஒளிந்துகொள்ளும் என்பதைத் தவிர வேறில்லை.

ஒளிப்பதன் விலையை யார் செலுத்துவது என்பதுதான் எமது கவலை. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவரான ரோய் லீ இத்தகைய மென்பொருளொன்றை உருவாக்கி, அமேசன் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் தாமே அதைப் பயன்படுத்திய காட்சியை 2025 இல் இணையத்தில் வெளியிட்டார். ஒழுக்காற்று விசாரணையை எதிர்கொண்டு இடைநிறுத்தப்பட்ட அவர், அதே ஆண்டு ஏப்ரலில் தமது புதிய நிறுவனத்துக்கு 53 இலட்சம் டொலர் முதலீட்டையும் திரட்டிக்கொண்டார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கூகுளின் தலைமை நிறைவேற்று அதிகாரி சுந்தர் பிச்சை, குறைந்தது ஒரு சுற்று நேர்முகத் தேர்வையேனும் நேரில் நடத்தப்போவதாக 2025 ஜூனில் தெரிவித்தார். கலிபோர்னியாவில் வசிப்பவருக்கு இது அரை நாள் அலைச்சல். கொழும்பு நிறுவனங்களும் இவ்வழியே திரும்பினால், பருத்தித்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ இருப்பவருக்கு அது மீண்டும் இரவு பஸ். கொழும்பில் தங்க ஓர் உறவினர் வீடு. பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர். கடல்கடந்த நிறுவனமென்றால் வாய்ப்பே இல்லாமற் போய்விடும். எவரோ எங்கோ ஒளிந்து விளையாடியதற்கு, ஒளியாதவரும் சேர்ந்து இங்கே வட்டி கட்ட நேரிடும்.

பாதுகாப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. நீட்சியை நிறுவும்போது, எல்லா இணையத்தளங்களிலுமுள்ள தரவுகளை வாசிக்கவும் மாற்றவும் அது பெரும்பாலும் அனுமதி கேட்கும். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அதே உலாவியில்தான் திறக்கப்படுகின்றன. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சியிலேயே திருடர்கள் நச்சு நிரலைப் புகுத்தினர். ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்ததே அதற்குப் போதுமாயிற்று. கணினி முழுவதையும் பார்க்கவும் கேட்கவும் இடங்கொடுக்கப்பட்ட தனி மென்பொருளில் ஆபத்து இதனிலும் அதிகம். தேர்வாளரின் குரல் அவர் அறியாமலே எங்கோ ஒரு வழங்கிக்குச் செல்வதும் சிறிய விடயமல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிய நாடு இது.

தமிழ்மொழி மூலம் கற்று, விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் தடுமாறும் எமது பிள்ளைகளின் நெஞ்சிடியை நாம் அறியாதவர்களல்லர். இந்த மென்பொருள்களை நாடச் சொல்வது பேராசையன்று, பெரும்பாலும் அந்தப் பயமே. ஆயினும் திரையில் வரும் ஆங்கிலத்தைப் பார்த்து வாசிப்பவரின் கண் அசைவும் குரலும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இடைமறித்து ஒரு துணைக்கேள்வி கேட்டால், அடுத்த விடை வரும்வரை அந்தச் சில விநாடி மௌனம் மிக நீளமானது.

அந்தப் பயத்துக்கு வேறு மருந்து உண்டு. தேர்வுக்கு முந்திய வாரங்களில் இதே செயற்கை நுண்ணறிவைத் தேர்வாளராக அமர்த்தி, வாய்விட்டுப் பேசிப் பழகலாம். அதற்கு நீட்சியும் தேவையில்லை, தனி மென்பொருளும் தேவையில்லை. சாதாரண உரையாடல் தளமே போதும். கேள்வி விளங்காமற் போகும் என்று அஞ்சுபவர்களுக்கு, பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் வசதி குரோம் உலாவியிலேயே 2021 முதல் உண்டு. அது கணினிக்குள்ளேயே இயங்குவதால் குரல் வெளியே செல்வதில்லை. எழுத்துருவைப் பார்த்துக்கொள்ளலாமா என்று தொடக்கத்திலேயே தேர்வாளரிடம் கேட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் பிரிவும், வடக்கின் தகவல் தொழில்நுட்ப ஆர்வலர்களை ஒன்றுதிரட்டிவரும் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகளும் மாதமொரு தடவையேனும் இத்தகைய ஒத்திகைத் தேர்வுகளைத் திரைவழியாக நடத்துவதற்கு ஓர் அறையும் ஓர் இணைய இணைப்பும் போதுமானவை. கேள்வி கேட்பதற்குப் புலம்பெயர் நாடுகளின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் எம்மவர்களை அழைக்கலாம்.