மானியமும் மதிப்பெண்ணும்

அரசாங்க மானியம் வேண்டி விண்ணப்பம் எழுதாத கூட்டுறவுச் சங்கம் அரிது. தறிக்கூடத்திற்கும் சாயச்சாலைக்கும், விளைபொருட் கிடங்கிற்கும் உலர்களத்திற்கும் நாம் எழுதியனுப்பிய மனுக்கள் பல. அவற்றுள் சில பலித்தன, சில பலிக்கவில்லை. பலிக்காதபோது அங்கத்தினர் கேட்பது ஒரே வினா: “நமக்கு ஏன் இல்லை?” இவ்வினாவுக்கு எழுத்து மூலமான விடை இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. அவ்விடை இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கு, ஆஸ்திரேலியாவில் விளையாட்டுச் சங்கங்களுக்கு மானியம் வழங்கப்பட்ட வரலாறு தக்க சான்றாகும்.

அந்நாட்டில் ஊர்தோறும் கால்பந்து, கிரிக்கெட், டென்னிஸ், நெட்பால் முதலியவற்றிற்குச் சங்கங்கள் உண்டு. அங்கத்தினர் சந்தா செலுத்துவர். காரியதரிசியும் பொருளாளரும் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பர். அமைப்பில் அவை நம் சங்கங்களை ஒத்தவையே. மைதானத்திற்கு விளக்கு, ஒழுகும் கூரைக்குப் பழுது, பெண்களுக்கு உடைமாற்றும் அறை என்று அவற்றின் தேவைகளும் எளியவை.

இத்தேவைகளை நிறைவேற்ற 2018-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒரு பணிக்கு 5 லட்சம் டாலர் வரை பெறலாம். முதலில் சுமார் 3 கோடி டாலராக இருந்த தொகை, பின்னர் 10 கோடியாக உயர்த்தப்பட்டது. ஆனால் வந்த விண்ணப்பங்களோ 2,000-க்கும் மேல். அவை கேட்ட தொகை 39 கோடி டாலருக்கும் அதிகம். கேட்போர் பலராகவும் பணம் குறைவாகவும் இருக்குமிடத்தில் தேர்வு முறையே நீதியின் உரைகல் ஆகிறது.

முறை என்னவோ நன்றாகவே வகுக்கப்பட்டிருந்தது. விளையாட்டில் பங்குபெறுவோர் எத்தனை பேர், அவ்வூரின் தேவை எத்தகையது, பணியை உரியவாறு முடிக்கும் ஏற்பாடு உண்டா என்னும் மூன்று அளவுகோல்கள் வெளியிடப்பட்டன. ‘ஸ்போர்ட் ஆஸ்திரேலியா’ என்னும் சட்டபூர்வமான அமைப்பு, ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் மதிப்பெண் இட்டுத் தன் பரிந்துரைகளை அளித்தது. இறுதி ஒப்புதல் விளையாட்டு மந்திரிக்கு உரியது என்று திட்டக் குறிப்பு கூறிற்று. அப்பொழுது மந்திரியாக இருந்தவர் செனட்டர் பிரிட்ஜெட் மெக்கென்சி. மூன்று சுற்றுகளில் 684 பணிகளுக்கு மானியம் ஒதுக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மே மாதம் பொதுத் தேர்தலும் நடந்தது.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வெளிவந்தது. மந்திரியின் அலுவலகம் தனியே ஓர் அட்டவணை வைத்துக்கொண்டு, சொற்ப வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவாகும் தொகுதிகளையும், ஆளும் கட்சியார் கைப்பற்ற விரும்பிய தொகுதிகளையும் குறித்துத் தேர்வு செய்தது என்பது அதன் முடிவு. பரிந்துரை பெறாமலே மானியம் பெற்ற பணிகள் முதற் சுற்றில் 41 விழுக்காடு, இரண்டாவதில் 70, மூன்றாவதில் 73. தேர்தல் நெருங்க நெருங்க மதிப்பெண்ணின் மதிப்புத் தேய்ந்தது. மானியங்களுக்கு ஒப்புதல் அளிக்க மந்திரிக்குச் சட்டப்படி அதிகாரம் இருந்ததா என்பதே தெளிவாக இல்லை என்றும் தணிக்கையாளர் எழுதினர்.

தகுதியற்ற பணி எதற்கும் தாம் கொடுக்கவில்லை என்பது மந்திரியின் வாதம். பெற்ற சங்கங்களுக்குத் தேவை இருந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. கூரை எந்தத் தொகுதியில் ஒழுகினாலும் ஒழுகல் ஒழுகலே. எனினும், விதியை நம்பி, கணக்கையும் வரைபடத்தையும் இணைத்து, உயர்ந்த மதிப்பெண்ணும் பெற்றபின் வெறுங்கையராய் நின்ற சங்கத்திற்கு யார் விடை கூறுவது? அச்சங்கத்தார் இழந்தது பணம் மட்டுமன்று. விதியின்மேல் வைத்த நம்பிக்கையையும் இழந்தனர்.

மெக்கென்சி 2020 பிப்ரவரியில் பதவி விலகினார். அப்பொழுது அவர் விவசாய மந்திரி. அவர் விலகியதற்குக் கூறப்பட்ட காரணமோ வேறு: தாம் அங்கத்தினராயிருந்த துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றிற்குச் சுமார் 36,000 டாலர் வழங்கியபோது, அந்த அங்கத்துவத்தை அவர் முறைப்படி அறிவிக்கவில்லை என்பதே அது.

இஃது ஒரு கட்சிக்கே உரிய பிழையன்று. 1994-ஆம் ஆண்டிலும் இதேபோன்றதொரு விளையாட்டு மானியத்தின் பொருட்டு, எதிர்த்தரப்பான தொழிற்கட்சியின் மந்திரி ராஸ் கெல்லி பதவி விலக நேர்ந்தது. எழுதி அழிக்கத்தக்க பெரிய வெள்ளைப் பலகையொன்றில் மானியங்கள் தீர்மானிக்கப்பட்டன என்பது அன்று வெளிவந்த செய்தி. பலகையில் எழுதியது அழிந்தது, பழி அழியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பலகையின் இடத்தை அட்டவணை பிடித்துக்கொண்டது.

மந்திரிக்கு மாறுபட்டு முடிவெடுக்கும் உரிமையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மதிப்பெண் காணாத தேவையை மக்கள் பிரதிநிதி காணக்கூடும். ஆனால் மாறுபடுவோர் காரணத்தை எழுதிவைத்தல் வேண்டும். எழுதக் கூசும் காரணம், செய்யத்தகாத காரணமே. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டு விதிகளும் திருத்தப்பட்டன. சட்டபூர்வமான அமைப்புகளின் வழியே வழங்கும் மானியங்களில் மந்திரி முடிவெடுத்தால், அவற்றிற்கும் பொதுவான மானிய நெறிகள் பொருந்தும் என்றாயிற்று.

அன்பர்களே, நம் சங்கங்களும் பெறுவதோடு நில்லாமல் பகிர்ந்தளிக்கவும் செய்கின்றன. நூலும் விதையும் கடனும் தறி உபகரணங்களும் நிர்வாகக் குழுவின் கை வழியாகவே அங்கத்தினரைச் சேர்கின்றன. வரிசையில் பத்தாவது நின்றவருக்கு முதலில் கொடுக்க நேர்ந்தால், ஏன் என்பதை அன்றே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவோம். உறவினரோ, தாம் பொறுப்பு வகிக்கும் வேறு சங்கமோ மனுச் செய்தால், அதனைச் சொல்லி எழுந்து வெளியே செல்வோம். கிடைக்காதவர் கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டுவோம். நம் சங்கத்திற்குள் இவ்வொழுக்கம் இருந்தாலன்றோ, “எங்களுக்கு ஏன் இல்லை?” என்று அரசாங்கத்தை நோக்கிக் கேட்க நமக்கு நா எழும்?