படமும் இடமும்



பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் எடுத்தால் இரண்டு வினாக்கள் எழுகின்றன. படத்தில் இருப்பவர் யார்? படம் எடுக்கப்பட்ட இடம் எது? முதல் வினாவுக்கு விடை கூற வீட்டில் எவரேனும் ஒருவர் இருப்பார். இரண்டாவது வினாவுக்கோ பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. படத்தின் பின்புறத்தில் ஊர்ப்பெயரை எழுதிவைக்கும் நல்ல வழக்கம் சிலரிடமே இருந்தது.

இக்காலத்துக் கைத்தொலைபேசி அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. வானில் வலம்வரும் செய்மதிகள் இடைவிடாது அலைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் அலைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணித்து, தான் இருக்கும் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் அக்கருவி அறிந்துகொள்கிறது. நாம் அனுமதித்திருந்தால், அவ்விரு எண்களும் படத்தோடு பதிந்துவிடும். கண்டி வாவிக் கரையில் எடுத்த படமாயின், வடக்கு 7 பாகை 17 கலை, கிழக்கு 80 பாகை 38 கலை என்னும் அளவில் அவை அமையும்.

படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்கள் பல உள. இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம் அவற்றுள் ஒன்று. அது இவ்வெண்களைப் படித்து, ஒவ்வொரு படத்தையும் தேசப்படத்தில் உரிய புள்ளியில் வைத்துக் காட்டுகிறது. இலங்கை முழுவதையும் நோக்கும்போது, கண்டிப் பகுதியில் எடுத்த படங்கள் யாவும் ஒரே குவியலாகத் தோன்றும். தேசப்படத்தைப் பெரிதாக்குந்தோறும் குவியல் பிரியும். பேராதனைப் பூங்காவில் எடுத்தவை வேறாகவும், தலதா மாளிகை முன்றலில் எடுத்தவை வேறாகவும் நிற்கும். வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே இடத்தில் எடுத்த படங்கள் அருகருகே வந்துசேர்வதால், அவ்விடம் மாறிய வரலாறும் நமக்குப் புலப்படும்.

மலைச்சரிவுகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் அலைகள் பட்டுத் திரும்புவதால், சில வேளைகளில் புள்ளி பல மீற்றர் விலகி விழுவதுண்டு. அதனைக் கையால் நகர்த்தித் திருத்திவிடலாம்.

பழைய படங்களில் இவ்வெண்கள் இல்லை. அவற்றுக்கு உரிய இடத்தை நாமே தேடிக் குறிக்க வேண்டும். அண்மையில் ஒரு மாணவி, தன் பாட்டியார் இளமையில் எடுத்துக்கொண்ட படமொன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தாள். பழைய தெல்தெனியக் கடைவீதியில் எடுத்த படம் அது. கணினியில் பிரதியெடுத்து, தேசப்படத்தில் வைக்க முயன்றோம். அங்கே கடைவீதி இல்லை. நீல நிறமே இருந்தது. மகாவலி கங்கையை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய நகர் மூழ்கிவிட்டதை நேயர்கள் அறிவீர்கள்.

பாட்டியாரை அழைத்துவரச் செய்தோம். கடும் வரட்சியில் நீர் வற்றி, பழைய இடிபாடுகள் வெளிப்பட்ட ஒரு சமயம், அவர் கரையில் நின்று பார்த்தவராம். சிறிது நேரம் திரையை உற்றுநோக்கினார். பாதை திரும்பிய முனை இது, எங்கள் கடை இது என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவ்விடத்திலேயே, நீலத்தின் நடுவே, படத்தை வைத்தோம். பேத்தி அன்றுதான் தன் குடும்பத்தின் ஊரைக் கண்டாள்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். வீட்டில் எடுத்த படத்தை அறியாதவருக்கு அனுப்பினால், வீடு இருக்கும் இடமும் அதனோடு செல்லக்கூடும். அனுப்புமுன் அவ்வெண்களை நீக்கிவிடுவதே நன்று.

நேயர்களே, புதிய படங்களின் இடத்தைக் கருவி காத்துக்கொள்ளும். பழைய படங்களின் இடமோ முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளது. இவ்வார விடுமுறையில் உங்கள் வீட்டுப் படப்பெட்டியைத் திறந்து அவர்கள் அருகே அமருங்கள். இந்த இடம் எது என்று கேளுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.