ஓடியும் ஒலிக்காத பாட்டு

கொல்லங்கோட்டில் நம் பழைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் தென்மலைத் தொடர் எதிரே நிற்கும். மழைக்காலமாயின் அருவிகள் அதன் மேனியில் வெள்ளிக் கோடுகளாய் இறங்கும். சென்ற விடுமுறையில் அங்குச் சென்றிருந்தும் அவ்வழகைக் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. மூன்று நாட்களும் ஒரு கணினியின் முன்னே கழிந்தன.

காரணம் ஒரு கேசட்டு. 1984-ஆம் ஆண்டில் நம் தந்தையார் குவைத்தில் பணியாற்றிய காலை, எழுத்தறியாத நம் பாட்டியார் கடிதத்துக்குப் பதிலாகத் தம் குரலையே பதிவு செய்து அனுப்புவார். ஊர்ச் செய்தி, நெல் விலை, இடையே பேரக் குழந்தைக்கு ஒரு தாலாட்டு என்று அது அரை மணி நேரம் செல்லும். கடல் கடந்து வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் இவ்வழக்கம் இருந்ததை அன்பர்கள் அறிவீர்கள். அக்கேசட்டுகளுள் எஞ்சியது ஒன்றே. நாடா நைந்து வந்தமையால், ஒரு கடையில் கொடுத்து எம்பி3 கோப்பாக மாற்றி வாங்கினோம்.

வீட்டுக் கணினியில் அதனை இயக்கினோம். நொடிகள் ஓடின, குரல் எழவில்லை. எண்பதைக் கடந்த நம் அத்தையார் கட்டிலிலிருந்து, "அம்மா பேசறாங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாலக்காட்டுச் செம்பை வைத்தியநாத பாகவதர் 1950-களின் முற்பகுதியில் குரலிழந்து வருந்திப் பின்னர் அதனை மீளப் பெற்ற வரலாற்றை அவரே நமக்கு ஆறுதலாக எடுத்துரைக்கவும் செய்தார்.

இத்தகைய வேளையில் முதலில் செய்யத் தக்கது, நன்கு ஒலிக்கும் என்று நாம் அறிந்த வேறொரு பாட்டை இயக்கிப் பார்ப்பதே. அதுவும் ஊமையாயின் குறை கருவியில். அது பாடினால் குறை கோப்பில். நாம் எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ்.விசுவநாதனின் திரைப்பாட்டு ஒன்றைத் தேர்ந்தோம். (எம்பி3 என்னும் கோப்புப் பெயரைச் செர்மனியின் பிரான்ஹோபர் கழக ஆய்வாளர் முடிவு செய்தது 1995 ஜூலை 14, மெல்லிசை மன்னர் மறைந்தது 2015 ஜூலை 14. பயனற்ற செய்திதான், எனினும் சொல்லாதிருக்க மனம் வரவில்லை.) அந்தப் பாட்டும் ஒலிக்கவில்லை.

ஆகவே கருவியைச் சோதித்தோம். திரையின் வலக்கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியில் குறுக்குக் கோடு இல்லை. பாட்டியக்கும் செயலியிலும் ஒலியளவு தாழ்த்தப்படவில்லை. ஸ்பீக்கரின் கம்பி பச்சை நிறத் துளையிலேயே இருந்தது. இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது, அதில் செருகிவிட்டு நொந்துகொள்வோர் உண்டு. பின்னரே உண்மை புலப்பட்டது. நம் மருமகன் புதிய மானிட்டர் ஒன்றை எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்திருந்தான். அக்கம்பி படத்தோடு ஒலியையும் சுமந்து செல்ல வல்லது. கணினி தானாகவே மானிட்டரை ஒலியின் வாயிலாகக் கொண்டுவிட்டது. மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது! ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி, அங்குள்ள பட்டியலில் மானிட்டரை விடுத்து ஸ்பீக்கரைத் தேர்ந்ததும் திரைப்பாட்டு வீடெங்கும் நிறைந்தது.

பாட்டியார் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு குறை தீர்ந்தபின் மற்றொன்று எஞ்சியிருக்கும் என்று எவரும் எண்ணுவதில்லை, நாமும் எண்ணவில்லை. கோப்பு வெறுமையானதோ என ஐயுற்று அதன் அளவைப் பார்த்தோம். சாதாரண எம்பி3 கோப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட்டு இருத்தல் வேண்டும். நம்முடையதில் 28 இருந்தது. அரை மணிக்கு அது சரியே. எவ்வகைக் கோப்பையும் இயக்க வல்ல வி.எல்.சி. என்னும் இலவசச் செயலியிலும் இட்டுப் பார்த்தோம். பயனில்லை.

இறுதியில் ஆடாசிட்டி என்னும் செயலியில் திறந்தோம். 2000-இல் வெளிவந்த இதுவும் இலவசமே. ஒலியைக் கண்ணால் காணும்படி அலைகளாக வரைந்து காட்டும். திரை நிறைய அலைகள்! குரல் அங்கேயே இருந்தது. பெரிதாக்கி நோக்கியபோது ஒரு விந்தை தென்பட்டது: இடத் தடத்தில் அலை மேடாக எழும் இடமெல்லாம் வலத் தடத்தில் அதே அளவு பள்ளம். நம் வீட்டிலிருந்ததோ இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும் ஒற்றைப் பெட்டி. மேடும் பள்ளமும் கூடின, மிஞ்சியது பூச்சியம். ஹெட்போனை மாட்டியதும், இரு காதுக்கும் தனித்தனியே செல்வதால், பாட்டியார் சற்றே விசித்திரமாக, ஆயினும் தெளிவாகப் பேசினார்.

இது எவ்வாறு நேர்ந்ததெனில், ஒலிப்பதிவுக்கூடங்களில் இரைச்சலைத் தவிர்க்க ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் அனுப்பும் வழக்கம் உண்டு. அதற்குரிய கருவி இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். அத்தகைய கம்பியைச் சாதாரண ஸ்டீரியோத் துளையில் செருகினால் அவ்விரண்டும் இடமும் வலமுமாகப் பதிந்துவிடும். கடைக்காரர் ஹெட்போனில் கேட்டு, நன்றாயிருக்கிறதென்றே கொடுத்திருப்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை.

தீர்வு இரண்டு நிமிட வேலைதான். கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைத்தோம், இதனை மறத்தலாகாது. பிரதியில் தடத்தின் பெயரருகே உள்ள பட்டியலில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைச் சொடுக்கி, பிரிந்த இரண்டில் ஒன்றை நீக்கி, எஞ்சியதைப் புதிய பெயரில் சேமித்தோம்.

நான்காம் நிமிடத்தில் தாலாட்டு வந்தது. அத்தையார் எழுந்து வந்து ஸ்பீக்கரின் அருகில் அமர்ந்தார். இரண்டாம் அடியில் பாட்டியார் இருமுகிறார். ஆடாசிட்டியில் கைதேர்ந்துவிட்ட பெருமிதத்தில் மருமகன், "அந்த இருமலை எடுத்துடட்டுமா, பாட்டி?" என்றான்.

"இருக்கட்டும்டா. அவங்க அப்படித்தான் இருமுவாங்க" என்றார் அத்தையார்.