விலைக்கு வாங்கும் மரவள்ளிக் குச்சியில் மாவுப்பூச்சி: கண்டறிதலும் கரணை நேர்த்தியும்

தை, மாசி மாதங்களில் சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களில் மரவள்ளி நடவுக்குக் குச்சி தேடுவது வழக்கம். சொந்த வயலில் குச்சி போதாதவர்கள் பக்கத்து ஊரிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வருகிறார்கள். அறுவடை முடித்த உறவினர் சும்மாவே கொடுப்பதும் உண்டு. இப்படி வரும் குச்சியின் பருமனையும் இரகத்தையும் விசாரிக்கும் விவசாயிகள், கணுவில் ஒட்டிக்கொண்டு வரும் பூச்சியைப் பார்ப்பதில்லை. அந்தப் பூச்சி கடுகளவுதான் இருக்கும். ஆனால் ஒரு தாய்ப்பூச்சி சுமார் 400 முட்டைகள் வரை இடக்கூடியது.

இது மரவள்ளி மாவுப்பூச்சி ஆகும். நம் பக்கத்தில் கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் நுழைந்து, மரவள்ளியையே உணவாக நம்பியிருந்த நாடுகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. 2008-இல் தாய்லாந்தில் காணப்பட்டது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு கேரளத்தின் திருச்சூர் பகுதியில் கண்டறியப்பட்டு, விரைவில் தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களிலும் பரவியது. இளங்குஞ்சுகளைக் காற்று சிறிது தூரம் கொண்டு செல்லும் என்பது உண்மையே. மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு சென்றவர்கள் நாம்தான். லாரியில் ஏற்றிய குச்சிக் கட்டுக்கு ஈடான வாகனம் இப்பூச்சிக்கு வேறு கிடையாது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே பூச்சி அல்ல. மரவள்ளியில் மூன்று வகை மாவுப்பூச்சிகளைக் காணலாம். இப்போது நாம் பேசும் பூச்சியின் உடல் இளஞ்சிவப்பு நிறமுடையது. மேலே வெண்ணிற மாவு படிந்திருக்கும். ஒரு குச்சியால் மாவை மெல்லத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்பு புலப்படும். நீண்ட வால் இராது. இவை அனைத்தும் பெண் பூச்சிகளே. ஆணின் துணையின்றி இனம் பெருக்குவதால், ஒரே ஒரு பூச்சி தப்பினாலும் வயல் முழுவதும் நிரம்பப் போதுமானது. 2008-இல் கோவைப் பகுதியில் தோன்றி மல்பெரி, பப்பாளி, மரவள்ளி எல்லாவற்றையும் அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சள் நிறச் சாறு வரும். மூன்றாவது வகையான வரி மாவுப்பூச்சிக்கு முதுகில் இரண்டு கருங்கோடுகளும், பின்புறம் இரண்டு நீண்ட வால்களும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்சு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வேறுபாடுகள் நன்றாகத் தெரியும்.

செடியைப் பார்த்தும் அறியலாம். மரவள்ளி மாவுப்பூச்சி நுனிக்குருத்தில் சாற்றை உறிஞ்சும்போது அதன் உமிழ்நீரில் உள்ள நச்சுப் பொருள் குருத்தின் வளர்ச்சியைத் தடை செய்கிறது. கணு இடைவெளி குறுகி, இலைகள் சுருண்டு, முட்டைக்கோஸ் போல நுனி கொத்தாகக் குவிந்துவிடும். தண்டு கோணலாக வளைந்து போகும். ஆகவே குச்சி வாங்குபவர், அறுத்துக் கட்டிய பின் போய்ப் பார்ப்பதைவிட, செடி நிற்கும்போதே அந்த வயலுக்கு ஒரு நடை போய் வருவது நல்லது. நுனி குவிந்த செடிகளும் தேமல் நோய் கண்ட செடிகளும் நிறைந்த வயலின் குச்சியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உறவுக்காரர் கொடுப்பதை மறுப்பது சங்கடம்தான். ஆயினும் ஓர் ஆண்டு வெள்ளாமை அதில் அடங்கியிருக்கிறது.

வாங்கி வந்த கட்டுகளைச் சொந்தக் குச்சிகளோடு சேர்த்து அடுக்கக் கூடாது. மரவள்ளி வயலிலிருந்து தள்ளி, நிழலில் தனியாக நிறுத்தி வைத்து, கட்டுக்கு நாலைந்து குச்சிகளை உருவிக் கணுக்களைப் பார்க்க வேண்டும். மொட்டின் மடிப்பிலும், இலைக்காம்பு உதிர்ந்த தழும்பின் ஓரத்திலும்தான் பூச்சிகளும் முட்டைப் பைகளும் ஒளிந்திருக்கும். எறும்பு ஊர்ந்தால் அந்தக் கட்டை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவும். மாவுப்பூச்சி வெளியிடும் தேன் போன்ற கழிவுநீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து வருகின்றன.

கண்ணுக்குப் பூச்சி தென்படாவிட்டாலும் நேர்த்தி செய்வதே பாதுகாப்பானது. முதலில் இளநுனியையும் முற்றிய அடிப்பாகத்தையும் கழித்துவிட்டு, நடுப்பகுதியை 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள கரணைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். கழித்த துண்டுகளை வரப்பில் போடாமல் எரித்துவிட வேண்டும். பிறகு மருந்துக் கரைசலில் முக்க வேண்டும். தாய்லாந்தில் இப்பூச்சி பரவியபோது கையாண்ட முறை, 20 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் வீதம் தயாமீதாக்சாம் 25 சதத் தூளைக் கரைத்து, அதில் கரணைகளை 5 முதல் 10 நிமிடம் வரை ஊறவைப்பது. மருந்துச் சிபாரிசுகள் அவ்வப்போது மாறுவதால், வாங்கும் முன் வேளாண்மை அலுவலரிடமோ ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலோ தற்போதைய சிபாரிசைக் கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.

மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 கரணைகள் தேவை. 200 லிட்டர் பீப்பாயில் பாதி அளவு, அதாவது 100 லிட்டர் கரைசலுக்கு 20 கிராம் மருந்து போதும். வலைச் சாக்கில் 250 கரணைகள் வீதம் போட்டு, மிதக்காதபடி கல் வைத்து முழுமையாக அமிழ்த்த வேண்டும். இருபது தடவையில் ஓர் ஏக்கருக்கான கரணைகள் முடிந்துவிடும். கரைசல் குறையக் குறைய அதே அளவில் கலந்து ஊற்ற வேண்டுமே தவிர வெறும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. முக்கியபின் நிழலில் ஆறவைத்து நடலாம். ரப்பர் கையுறை அணிவது அவசியம். நேர்த்தி செய்த கரணைகளை ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீந்த கரைசலைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

புதிய இடத்திலிருந்து வந்த குச்சியாக இருந்தால் நேரே வயலில் நடாமல் சிறிய நாற்றங்காலில் நெருக்கமாக ஊன்றி, மூன்று வாரம் வைத்திருந்து நடுவது இன்னும் சிறந்தது. தளிர் விட்டதும் மறைந்திருந்த பூச்சி குருத்துக்கு வந்து சேரும். தேமல் நோயுள்ள கரணைகளும் இளம் இலையிலேயே காட்டிக் கொடுத்துவிடும். இரண்டையும் அங்கேயே பிடுங்கி எரித்துவிடலாம். வேலை கூடுதல் என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஏக்கர் கணக்கில் நட்டபின் செடி செடியாகத் தேடுவதைக் காட்டிலும் ஒரு பாத்தியைப் பார்ப்பது சுலபமல்லவா?

நட்ட வயலில் பங்குனி, சித்திரை வெயிலில்தான் இப்பூச்சி மும்முரமாகப் பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும். வாரம் ஒரு முறை வரப்போரச் செடிகளின் நுனியைப் பார்த்து, குவிந்திருந்தால் பையை மாட்டி நுனியை ஒடித்து எரிக்க வேண்டும்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி, மருந்தடித்தும் சாகாத கள்ளிப்பூச்சி என்று ஓர் இலையைக் கொண்டு வந்து காட்டினார். பார்த்தால், உடம்பெல்லாம் வெள்ளைக் குஞ்சம் தொங்க வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தது பொறிவண்டின் புழு! மாவுப்பூச்சியைத் தின்று வாழும் நம் நண்பன் அது. மாவுப்பூச்சி தொட்டாலும் மெதுவாகவே நகரும். இந்தப் புழு அதைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடும். அவர் அதற்குள் இரண்டு முறை மருந்து தெளித்துவிட்டிருந்தார்.

இன்னொரு நண்பனும் உண்டு. 1981-இல் பராகுவே நாட்டில் மரவள்ளி மாவுப்பூச்சியைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அதன் உடலில் முட்டையிட்டு வளரும் சிறு குளவி ஒன்றும் கிடைத்தது. அனாகைரஸ் லோப்பசி என்பது அதன் பெயர். அதை ஆப்பிரிக்காவில் விட்டுப் பெருக்கியதன் மூலம் அங்கு பூச்சி கட்டுக்குள் வந்தது. அப்பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானிக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலில் விட்டது.

குளவி தாக்கிய மாவுப்பூச்சி உப்பி, பழுப்பு நிறமாகி, கூடு போல் இறுகிவிடும். அத்தகைய கூடுகள் நுனியில் தென்பட்டால் அந்த வயலில் பூச்சிக்கொல்லி தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும். குளவி வெளிவந்த கூட்டில் சிறு துளை இருக்கும். துளை விழாத கூடுகள் உள்ள நுனிகளைக் கிள்ளி, ஏற்கெனவே பூச்சி தாக்கியிருந்தும் குளவி இல்லாத வயலில், எறும்பு ஏறாத நிழலான இலைகளுக்கிடையே கட்டிவிடலாம். அந்த நுனிகளில் உயிருள்ள மாவுப்பூச்சிகளும் இருக்கக்கூடும் என்பதால், பூச்சியே இல்லாத வயலுக்கு மட்டும் அவற்றைக் கொண்டு செல்ல வேண்டாம்.