சஹர் பயானைப் பதிவு செய்வது எப்படி?

ரமலானில் சஹர் பயான் டிவியில் ஓடும்போது நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியில்தான் நிற்கிறார்கள். அதைப் பதிவு செய்து லுஹருக்குப் பிறகு கேட்கலாம். அதிரை, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் வீடுகளில் உள்ள பல செட்டாப் பாக்ஸ்களில் இந்த வசதி உண்டு; யு.எஸ்.பி. துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

காலியான பென் டிரைவையே செருகுங்கள். பாக்ஸ் ஃபார்மட் கேட்டதும் ஓகே அழுத்தினால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். நாங்கள் ஒரு நிக்காஹ் வீடியோவை அப்படித்தான் இழந்தோம்.

டைமரில் தேதியைக் கவனியுங்கள். நமக்கு மஃரிபிலேயே நாள் மாறிவிடும். பாக்ஸுக்கு நள்ளிரவு 12 மணிக்குத்தான். ஆகவே சஹருக்கு மறுநாள் தேதி கொடுக்க வேண்டும். படுக்கும்போது ரிமோட்டில் மட்டும் அணையுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் பதிவாகாது.

கட்டண டி.டி.எச். பதிவுகள் பெரும்பாலும் அதே பாக்ஸில்தான் ஓடும், துபாயில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப முடியாது.