மண்ணைப் படித்தவர்க்கே பொன்

மண்ணுக்குள் மறைந்தவை – 7

ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு வெளிப்பட்ட நடுகற்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்த அல்லிநகரத்து அன்பர் சிலர், கல்லைக் காட்டிலும் பொன்னைப் பற்றியே அதிக ஆவலோடு வினவியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மெட்டல் டிடெக்டர் என்னும் கருவியைக் கையில் ஏந்திக் காட்டிலே நடப்பவர்கள் தங்கக் கட்டிகளைத் தோண்டி எடுக்கிறார்களே, அக்கருவியை விலைக்கு வாங்கி வீரப்ப அய்யனார் கோயில் மலையடிவாரத்திலும் கொட்டகுடி ஆற்றுப் படுகையிலும் நாமும் நடந்து பார்த்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. இயற்கையின் ஐசுவரியத்தைத் தன் கையாலேயே தேடிக் காணவேண்டும் என்ற ஆசை மனிதனுக்குப் பழமையானது. ஆதலால் அந்தக் கேள்விக்கு முழுமையான விடை சொல்லுவது கடமையென்று கருதி, இந்த வாரத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் கருவியின் இயல்பை அறிந்துகொள்வோம். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவமே இதற்கு ஆதாரம். கருவியின் அடியிலுள்ள வட்டமான கம்பிச் சுருளில் மாறிக்கொண்டேயிருக்கும் மின்சாரத்தைச் செலுத்தினால், அதனால் உண்டாகும் காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே உலோகம் எதுவும் இருக்குமானால் அதனுள்ளே சுழல் மின்னோட்டங்களை எழுப்பும். அவ்வோட்டங்கள் தமக்கென்று ஒரு சிறு காந்தப் புலத்தைத் தோற்றுவிக்க, அதைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றி நம் செவிக்குச் சொல்லும். 1881ஆம் ஆண்டில் துப்பாக்கியால் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிலிருந்த குண்டைக் காண்பதற்கு, தொலைபேசியை உலகுக்கு அளித்த கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்திப் பார்த்தார், குண்டு அகப்படவில்லை. ஐம்பது ஆண்டு கழிந்த பின், ஆகாய விமானங்கள் திசையறிய உதவும் ரேடியோக் கருவி உலோகத் தாது மிகுந்த நிலத்தின் அருகே பிழையான திசையைக் காட்டுவதைக் கவனித்த கெர்ஹார்டு பிஷர் என்னும் பொறியாளர், அந்தப் பிழையையே பயனாக மாற்றி, எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இக்கருவிக்குப் பொன்னும் ஒன்றே, சோடா மூடியும் ஒன்றே. மின்சாரத்தைக் கடத்துவது எதுவாயினும் அது ஒலி எழுப்பும். இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணும், வெயிலில் வெந்து கறுத்த இரும்புக் கற்களுங்கூடப் பொய்யொலி எழுப்பும். இந்தப் பொய்யொலியைப் பெருமளவுக்கு அடக்கும் உபாயம் 1990களில், அடிலெய்டு நகரத்து மைன்லேப் நிறுவனத்தில் புரூஸ் கேண்டி என்பவரின் உழைப்பால் கைகூடிற்று. அப்படியும், அரிசியளவான துணுக்கு சில அங்குலங்களுக்குக் கீழே போய்விட்டால் கருவி அதை உணர்வது அரிது. நுண்பொடியாக மணலில் கலந்து கிடக்கும் பொன்னையோ அது அறவே உணராது. எனவே, கட்டியாகப் பொன் விளைந்த நிலத்திலேதான் இக்கருவிக்கு வேலையுண்டு.

அப்படிப்பட்ட நிலங்களுள் தலைசிறந்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம். பூமியின் ஆழத்திலிருந்து கொதிநீர் சுமந்துவந்த பொன், பாறைப் பிளவுகளில் வெண்கல் ரேகைகளாகிய குவார்ட்ஸோடு சேர்ந்து உறைந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளின் வெயிலும் மழையும் பாறையைத் தேய்த்து மண்ணாக்க, அழியாத பொன் மட்டும் கட்டிகளாக மேற்பரப்பில் தங்கிற்று. 1869ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி, மோலியாகல் என்னுமிடத்தில் ஜான் டீசனும் ரிச்சர்டு ஓட்ஸும் ஒரு மரத்தின் வேரருகே, மண்ணுக்குச் சற்றே கீழே கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்னும் கட்டியில் ஏறத்தாழ 72 கிலோ தங்கம் இருந்தது. அதை நிறுக்கத்தக்க தராசு கிடைக்காமையால் பட்டடையில் வைத்து உடைத்தே எடை போட்டார்கள். அதே மாகாணத்தில், 1980ஆம் ஆண்டு செப்டம்பரில், கிங்கோவர் என்னும் சிற்றூரின் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மெட்டல் டிடெக்டரோடு நடந்த கெவின் ஹில்லியர் சுமார் ஓரடி ஆழத்தில் 27 கிலோவுக்கு மேற்பட்ட கட்டியைக் கண்டார். மெட்டல் டிடெக்டரால் அகப்பட்ட கட்டிகளுள் அதனினும் பெரியது இன்றுவரை இல்லை.

இந்தச் செய்தியைக் கேட்பவர் அதிர்ஷ்டத்தை வியப்பார். நான் வியப்பது வேறு. அங்கே தேடுவோர் முதலில் கையில் எடுப்பது கருவியையன்று, நிலவியல் துறையார் வரைந்த பழைய படங்களை. முன்னோர் தோண்டிய குழிகள் எங்கே, அவர்கள் கொட்டிய மண்மேடுகள் எங்கே, வெண்கல் சிதறல் எந்தச் சரிவில் தொடங்கி எந்த ஓடையில் முடிகிறது என்று பலநாள் ஆராய்ந்து, பின்னரே சுருளை மண்ணோடு ஒட்டினாற்போல் மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டு நடக்கிறார்கள். கருவி செய்வது கடைசி ஓரடியின் வேலை. அதற்கு முந்திய காததூரமெல்லாம் நிலத்தைப் படித்த கண்ணின் வேலை.

ஒரு நிலத்தின் பாடத்தை மற்றொரு நிலத்துக்கு அப்படியே பொருத்தினால் விளையும் அனர்த்தத்துக்கு நம் தமிழகத்திலேயே சாட்சியுண்டு. நீலகிரிக் கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் அதற்குக் கீழே நிலம்பூரை நோக்கி இறங்கும் ஆறுகளிலும் பொன் உண்டு என்பதைக் குறும்பர் முதலிய மலைவாழ் மக்கள் தொன்றுதொட்டு அறிவார்கள். முறத்தில் இட்ட நெல்லிலிருந்து பதர் பறந்து மணி தங்குவதுபோல, மரத்தட்டில் அள்ளிய மணலை நீரில் சுழற்றினால், நீரைப்போல் இரண்டரை மடங்கே கனமுள்ள வெண்மணல் வழிந்தோட, பத்தொன்பது மடங்கு கனமுள்ள பொன் கருமணலோடு அடியில் தங்கும். அந்த அளவான ஊதியத்துக்கு அந்த அளவான முயற்சி என்பது அவர்கள் கண்ட கணக்கு.

விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராயிருந்து புகழ்பெற்ற பிரோ ஸ்மித் என்பவரை 1879இல் அரசாங்கம் அழைத்து அந்த மலைகளை ஆராயச் செய்தது. நம்பிக்கை தொனித்த அவருடைய அறிக்கை வெளிவந்ததும் லண்டன் பங்குச் சந்தை கொதித்தெழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நாற்பது லட்சம் பவுன் மூலதனத்தோடு தோன்றின. நலிந்துபோன காப்பித் தோட்டங்கள் பொன் விளையும் பூமியென்று பன்மடங்கு விலைக்குக் கைமாறின. பாறையில் எவ்வளவு பொன் உண்டு என்று சோதித்து அறியுமுன்னரே கனத்த இயந்திரங்கள் மலைப்பாதைகளில் இழுத்து ஏற்றப்பட்டன. கல்லை அரைத்துப் பார்த்தபோது செலவுக்கும் போதாத பொன்னே கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1901ஆம் ஆண்டில் ஹேடன், ஹாட்ச் என்னும் நிபுணர்களின் ஆராய்ச்சியும் அங்கே இலாபத்துக்கு இடமில்லையென்று உறுதி செய்தது. அந்தப் பழைய சுரங்கங்களுக்குள் இரவில் இறங்கி மண் எடுக்க முயன்று, மூச்சுத் திணறியும் மண் சரிந்தும் உயிர் துறந்த ஏழைகளின் செய்தி நம் காலத்துப் பத்திரிகைகளிலும் வந்ததுண்டு. அதைப் படிக்கும்போது நெஞ்சம் பதறுகிறது. அறியாமையால் கட்டப்பட்ட ஆசையின் விலையை, அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளல்ல, அம்மலையின் மக்களே இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நமது பள்ளத்தாக்குக்கு வருவோம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்கே வருஷநாட்டு மலைகளும் அணைத்து நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பாறைகள் பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸும் ஆகும். பூமியின் மிக ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பின் மேலெழுந்தவை இவை; பொட்டிப்புரத்து மலையை நியூட்ரினோ ஆய்வுக்காக விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்ததற்கும் இப்பாறையின் திண்மையே ஒரு காரணம். பொன் ரேகைகள் தழைப்பதோ, கோலாரில் உள்ளதுபோன்ற, இவ்வளவு வெப்பத்துக்கு ஆளாகாத பச்சைப் படலப் பாறைகளில். ஆகவே அல்லிநகரத்து அடிவாரத்தில் கருவியோடு நடப்பவருக்குக் கிடைக்கக்கூடியவை ஆணியும் லாடமும் சோடா மூடியுமே.

ஆனால் இந்த மண் வெறுமையானதன்று. போடிநாயக்கனூரில் பழைய வெள்ளி முத்திரைக் காசுகள் புதையலாக அகப்பட்டிருக்கின்றன. வைகைக் கரையெங்கும் ஈமச் சின்னங்கள் உள்ளன. இவை கருவிக்கு ஒலிக்கக்கூடும். அங்கேதான் மனக்கட்டுப்பாடு வேண்டும். ஒரு காசு எந்த அடுக்கில், எந்தப் பானையின் அருகே கிடந்தது என்பதே அதன் சரித்திரம். பிடுங்கி எடுத்த கணத்திலே அது வெறும் வெள்ளித் துண்டாகிவிடுகிறது. சட்டமும் இதில் தெளிவானது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும். மறைப்பவருக்குத் தண்டனை உண்டு. இயற்கைப் பொன்னுக்கோ 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் பொருந்தும். உரிமமின்றி அதைத் தோண்டுவது குற்றம். விக்டோரியாவில் சிறு கட்டணம் செலுத்திச் சுரங்க உரிமைச் சீட்டுப் பெறும் எவரும், அனுமதிக்கப்பட்ட அரசு நிலத்தில் தேடிக் கண்டதைத் தமதாக்கிக்கொள்ளலாம். அத்தகைய ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. கருவியையும் மந்திரத்தையும் காட்டிப் புதையல் எடுத்துத் தருவதாகக் கிராமத்தாரிடம் பணம் பறிப்போர், இவ்விரு சட்டங்களையும் ஒருநாளும் சொல்லமாட்டார்கள்.

வினவிய அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. கருவிக்குச் செலவிடும் பணத்தில் நூற்றிலொரு பங்கும் வேண்டாம். வீட்டுத் தாம்பாளம் ஒன்றையும் ஒரு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு கொட்டகுடி ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். ஒரு கைப்பிடி மணலை நீரில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். அடியில் தங்கும் கருமணலைக் காந்தத்தால் பிரித்து, ஒட்டியது எது, ஒட்டாதது எது, மினுக்கும் அபிரகம் ஏன் மிதந்தோடிற்று, சிவந்த கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று அவர்களைக் கேளுங்கள். பொன் தேடுவோர் யாவரும் கற்ற முதற்பாடம் அதுவே; நம் ஆற்றில் பொன் இல்லாவிட்டாலும் அந்தப் பாடம் குறைவின்றி இருக்கிறது.

பச்சைப் படலப் பாறையைப் பின்தொடர்ந்து பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இறங்கிய கோலார்ச் சுரங்கத்தையும், அதில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளரையும் பற்றி அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)